இல்லைன்னு சொல்றவன்

குராமோச்சி: ...அதனால, இன்னியிலேர்ந்து நான்தான் உங்கப்பா.

இசோபே: எதனால? இப்பதான மேடைக்கே வந்தோம். வணக்கம்னு ஒரு வார்த்தை சொன்ன. அதுக்குள்ள எப்படி அப்பா ஆன?

குராமோச்சி: ம்...

இசோபே: 'ம்' இல்ல. 'உங்கம்மா சம்மதிச்சுட்டாங்க.' அதான் உன் வசனம்.

குராமோச்சி: தெரியும்.

இசோபே: தெரிஞ்சா சொல்லு. பன்னெண்டு வருஷமா மேடையில அசடா நிக்கிற, இன்னிக்குன்னு பாத்து நிஜமாவே அசடாயிடாத. இன்னும் கொஞ்ச நேரத்துல நம்மளக் கூப்பிட்டுருவாங்க. முதல்லேர்ந்து வா. சுவரைப் பாத்து நில்லு.

குராமோச்சி: இந்தச் சுவரைப் பாத்தா எனக்குப் பேச்சு வரல.

இசோபே: சுவரு உன்னை என்ன பண்ணுச்சு?

குராமோச்சி: கழிப்பறைச் சுவருடா. உள்ள ஒருத்தர் ரொம்ப நேரமா கஷ்டப்படுறாரு. நாம ஒண்ணு சொன்னா அவரு முனகுறாரு.

இசோபே: அவராவது முனகுறாரேன்னு சந்தோஷப்படு. நல்ல மரத்தடியெல்லாம் மத்த ஜோடிங்க பிடிச்சாச்சு. அங்க பாரு, அந்தப் பொண்ணுங்க ரெண்டும் சைக்கிள் நிறுத்துற கம்பியப் பாத்துப் பேசுதுங்க. அந்த நெட்டையனும் குட்டையனும் குப்பைத் தொட்டிகிட்ட. அரையிறுதி அன்னிக்கு ஒசாகாவுல ஒரு சுவரு கிடைச்சதே பெருசு.

குராமோச்சி: சரி, முதல்ல இதக் குடி. கை விறைச்சுப் போச்சு உனக்கு.

இசோபே: என்ன இது?

குராமோச்சி: நீ கேட்டது.

இசோபே: நான் கேட்டது காபி. இது சோள சூப்.

குராமோச்சி: சூடா இருக்குல்ல.

இசோபே: சூடா இருந்தா காபி ஆயிடுமா? அப்ப குளிக்கிற தொட்டியில இருக்கறதும் காபியா?

குராமோச்சி: நீ எதையாவது ஒண்ணு திருத்தாம விட்டிருக்கியா?

இசோபே: அது என் பொழப்பு. நீ போக்கே, வாய்க்கு வந்தத உளறணும். நான் சுக்கோமி, 'இல்லடா மடையா'ன்னு மண்டையில ஒண்ணு வெக்கணும். நான் விட்டுட்டா ஜனங்களுக்கு எங்க சிரிக்கணும்னே தெரியாது. கம்முனு உக்காந்திருப்பாங்க.

குராமோச்சி: இசோபே.

இசோபே: என்ன?

குராமோச்சி: இன்னிக்கு வேற போடலாமா?

இசோபே: வேற என்ன போட?

குராமோச்சி: பெங்குவின்.

இசோபே: பெங்குவினா! கடையில வேலை கேட்டு வர்ற பெங்குவினா? முதல் சுத்துலயே துரத்தி விட்டாங்களேடா அதுக்கு! நடுவர் ஒருத்தர் பேனாவ மூடி பையில வெச்சாரு, ஞாபகம் இருக்கா? நாம பாதியில இருக்கோம், அவரு மூடிட்டாரு.

குராமோச்சி: இப்ப நல்லா பண்ணலாம். எனக்கு நடை பழகிருச்சு.

இசோபே: உனக்கு நாப்பத்திமூணு வயசு. இனிமே நீ எப்படி நடந்தாலும் பெங்குவின் மாதிரிதான் இருக்கும், அது வேற விஷயம். டேய், 'நான்தான் உங்கப்பா'தான் நம்மள இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா அரையிறுதி. இன்னும் மூணு வருஷம் போனா, ஜோடி சேந்து பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னு, இந்தப் போட்டியில நிக்கவே விடமாட்டான். நீ திரும்ப மீன் அரைக்கிற தொழிற்சாலைக்குப் போவ. நான் எங்க போக?

குராமோச்சி: தெரியும்டா.

இசோபே: அப்ப என்ன? நடுவர்கள் ஏற்கெனவே பாத்துட்டாங்கன்னா? நல்லாருந்தா திரும்பவும் சிரிப்பாங்க. வசனம் மறந்துருச்சா? நான் எடுத்துக் குடுக்கறேன். வயிறு சரியில்லையா? அவரு வெளிய வந்ததும் உள்ள போ.

குராமோச்சி: வயிறு நல்லாருக்கு. அந்த வசனத்த என்னால சொல்ல முடியாது.

இசோபே: எத?

குராமோச்சி: 'நான்தான் உங்கப்பா.' அத.

இசோபே: ஏன்?

குராமோச்சி: அது பொய்யாயிடுச்சு.

இசோபே: அது எப்படா உண்மையா இருந்துச்சு?

குராமோச்சி: முந்தாநாள் வரைக்கும்.

இசோபே: அட, நல்லாருக்கே! இதயே நடுவுல சேத்துக்கலாம். 'எப்ப உண்மையா இருந்துச்சு?' 'முந்தாநாள் வரைக்கும்.' உடனே நான் ஒரு தட்டு. ஆனா நீ இன்னும் கொஞ்சம் தள்ளிச் சொல்லணும், இப்ப மாதிரி உடனே சொல்லாம...

குராமோச்சி: பாத்தியா? இதத்தான் சொல்றேன்.

இசோபே: எத?

குராமோச்சி: மூணு தடவை உன்கிட்ட சொன்னேன். முதல் தடவை அந்தக் கோஸ் அடைக் கடையில. கல்லுல அடை வேகுது, நான் கையெல்லாம் தொடைச்சுக்கிட்டு, முதுக நிமித்தி, 'இசோபே, உங்கம்மாவக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்'னு சொன்னேன். நீ என்ன பண்ண?

இசோபே: மண்டையில தட்டினேன்.

குராமோச்சி: அடை திருப்புற கரண்டியால தட்டின.

இசோபே: பக்கத்து மேசையே சிரிச்சுச்சு.

குராமோச்சி: ரெண்டாவது, பொதுக் குளியல்ல. பக்கத்து பக்கத்துல உக்காந்திருக்கோம், நீ தலைக்கு சோப்பு போட்டிருக்க. கண்ணு மூடியிருக்கே, அடிக்க மாட்டன்னு நெனச்சு சொன்னேன். கண்ண மூடிக்கிட்டே கரெக்டா அடிச்ச.

இசோபே: அங்கயும் ஒரு கிழவரு சிரிச்சாரு.

குராமோச்சி: மூணாவது, நாரா போயிட்டுத் திரும்புறப்ப வண்டியில. நீ ஓட்டுற. இப்ப கை எடுக்க முடியாதுன்னு சொன்னேன். சிவப்பு விளக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து அடிச்ச.

இசோபே: நான் என்னடா பண்ணட்டும்? உன் மூஞ்சி அப்படி. நார்வே ராஜாவுக்கு நான்தான் மாப்பிள்ளைன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான். புறாவுக்கு ஓட்டுரிமை வேணும்னு சொன்னப்பவும் இதே மூஞ்சிதான். ஒரு மனுஷன் முக்கியமான சேதி சொல்லணும்னா அதுக்குன்னு வேற ஒரு மூஞ்சி வெச்சிருக்கணும்.

குராமோச்சி: என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்.

இசோபே: ...நீ நிஜமாத்தான் சொல்றியா?

குராமோச்சி: நிஜமாத்தான்.

இசோபே: எங்கம்மாவையா?

குராமோச்சி: மிசாவோ சானைத்தான்.

இசோபே: 'சான்'னு மரியாதையெல்லாம் போடாத. உடம்பெல்லாம் கூசுது. அவங்களுக்கு அம்பத்தஞ்சு வயசுடா!

குராமோச்சி: அம்பத்தாறு.

இசோபே: நீ எனக்குத் திருத்தம் சொல்றியா? இது என்ன தலைகீழா...

குராமோச்சி: அக்டோபர்ல ஆயிடுச்சு. நான்தான் கேக் வாங்கிட்டுப் போனேன். நீ போன் பண்ணின, பாதியில வெச்சுட்ட.

இசோபே: எப்படிடா ஆரம்பிச்சுது இதெல்லாம்?

குராமோச்சி: நீதான் அனுப்பின.

இசோபே: நானா?

குராமோச்சி: போன வருஷம். உங்கம்மாவுக்கு முட்டி வலி, ஆஸ்பத்திரிக்குப் போகணும். உனக்கு அந்த நூடுல்ஸ் விளம்பரம், நகர முடியல. 'குரா, உனக்குத்தான் வேலை ஒண்ணும் இல்லையே, கொண்டுபோய் விட்டுட்டு வா'ன்ன. போனேன். அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க, ஆஸ்பத்திரியில. அதுக்கடுத்த வாரம் யாரும் வரச் சொல்லல. நானாப் போனேன்.

இசோபே: முட்டி சரியாயிடுச்சே!

குராமோச்சி: ஆயிடுச்சு. அப்புறம் குழாய் ஒழுகுச்சு. அப்புறம் உங்கம்மாவோட சலவைக் கடையில இஸ்திரி மெஷின் மக்கர் பண்ணுச்சு. அப்புறம் ஒண்ணுமே கெட்டுப் போகல, சும்மா டீ குடிச்சோம். என்னோட பேசினா நேரம் போறதே தெரியலன்னாங்க. என்னைப் பாத்து அப்படி யாரும் சொன்னதில்லடா. மேடையில நாலு நிமிஷம் எனக்கே நாப்பது நிமிஷமாத் தெரியும்.

இசோபே: உன்னோட என்ன பேசுவாங்க அவங்க?

குராமோச்சி: நான் ஏதாவது உளறுவேன். அவங்க திருத்த மாட்டாங்க. 'அப்படியா, அப்புறம்?'னு கேப்பாங்க. புறாவுக்கு ஓட்டுரிமைன்னு சொன்னேன். 'எந்தக் கட்சிக்குப் போடும்?'னு கேட்டாங்க. ரெண்டு மணி நேரம் அதப் பத்தியே பேசினோம். எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு, இசோபே. அவ்வளவுதான் விஷயம்.

இசோபே: எனக்கு எதுவும் தெரியாதேடா. புத்தாண்டுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. யாரு வராங்க, யாரு போறாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?

குராமோச்சி: ம். போகலேன்னுதான் நீயும் சொல்லிட்டிருக்க.

இசோபே: சரி, இப்ப என்ன ஆச்சு? முந்தாநாள் என்ன?

குராமோச்சி: முந்தாநாள் கிஷிவாதா நகர மண்டபத்துல நிகழ்ச்சி.

இசோபே: ஆமா. பிச்சு உதறினோம். கடைசியில மூச்சு வாங்கிச்சு ஜனங்களுக்கு.

குராமோச்சி: நாலாவது வரிசையில உங்கம்மா இருந்தாங்க.

இசோபே: ...எனக்குச் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா நானே இடம் வாங்கி வெச்சிருப்பேன்.

குராமோச்சி: தானாப் போய் சீட்டு வாங்கியிருக்காங்க. நான் 'உங்கம்மா சம்மதிச்சுட்டாங்க'ன்னு சொன்னேன். நீ எப்பவும் சொல்றதச் சொன்ன.

இசோபே: 'அறுவது நெருங்குற பொம்பளைக்குக் கல்யாண ஆசையா, எங்கப்பா போட்டோ சுவத்துலேர்ந்து குதிச்சு ஓடிடும்'னு.

குராமோச்சி: அதுக்கடுத்தது.

இசோபே: 'ஊரே சிரிக்கும்டா.'

குராமோச்சி: அதுக்கடுத்தது.

இசோபே: ...ஜனங்க பக்கம் திரும்பி, 'கொஞ்சம் சிரிச்சுக் காட்டுங்களேன், எங்கம்மா காதுல விழட்டும்'னு.

குராமோச்சி: விழுந்துச்சு.

இசோபே: அது... அது நம்ம நிகழ்ச்சியிலேயே பெரிய சிரிப்பு வர்ற இடம்டா.

குராமோச்சி: தெரியும். மண்டபமே ஆடுச்சு. நானும் மேடையில நின்னு பாத்தேன். உங்கம்மாவும் சிரிச்சாங்க. பக்கத்து சீட்டுல இருந்த ஒரு பொம்பளை அவங்க தோளத் தட்டித் தட்டி சிரிச்சுது, அதுக்கு ஈடு குடுத்து சிரிச்சாங்க.

இசோபே: சிரிச்சாங்கல்ல? அப்புறம் என்ன?

குராமோச்சி: அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க. நான் அங்க போட்டுக்கற வீட்டுச் செருப்பை, சுத்தமாத் துடைச்சு, காகிதப் பையில போட்டு, கையில குடுத்தாங்க. 'குராமோச்சி சான், இதுவரைக்கும் ரொம்ப நன்றி'ன்னு குனிஞ்சாங்க. வெளியாளுக்குக் குனியற மாதிரி. கதவ சத்தம் வராம சாத்தினாங்க. பையோட ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன். ரயில்ல உக்காந்து திறந்து பாத்தேன். நான் ஆசையா வாங்கின செருப்பு. நீல செருப்பு.

இசோபே: நீலம் எங்கடா, அது பழுப்பு. முன்னாடி கரடி மூஞ்சி வேற. நாப்பது வயசு ஆம்பளை போடுற செருப்பாடா அது...

குராமோச்சி: ஆமா. பழுப்புதான்.

இசோபே: குரா...

குராமோச்சி: மார்ச் கடைசியில வாங்கினேன். வாசல் அலமாரியில, ரெண்டாவது தட்டுல இருக்கும். வீட்ட விட்டு வெளியவே போனதில்ல அது. நீ புத்தாண்டுக்கு அப்புறம் அந்தப் பக்கமே போகல.

இசோபே: வேணும்னே நீலம்னு சொன்னியா?

குராமோச்சி: பன்னெண்டு வருஷமா உனக்குத் தப்பாவே பந்து போட்டுட்டிருக்கேன். ஒண்ணு கூட நீ விட்டதில்ல.

இசோபே: ...உக்காரலாமா?

குராமோச்சி: பெஞ்சு ஈரமா இருக்கு.

இசோபே: பரவால்ல.

குராமோச்சி: மேடைக்குப் போற சட்டைடா.

இசோபே: பரவால்லன்றேன்ல... ஏப்ரல்ல போனேன். குளிர் போர்வையக் குடுத்துட்டு மெல்லிசு ஒண்ணு எடுத்துட்டு வர. வாசல்ல அந்தக் கரடி என்னைப் பாத்துச்சு. யாரு போட்டுக்கறதுன்னு நான் கேக்கல. அவங்களே சொல்லிட்டாங்க. 'குராமோச்சி சான் நல்ல மாதிரி. உனக்கு எப்படிப் படுது?'ன்னு கேட்டாங்க. மிளகாப்பொடிய எடுத்து வெச்சுக்கிட்டே கேட்டாங்க, பெரிய விஷயமே இல்லாத மாதிரி.

குராமோச்சி: நீ என்ன சொன்ன?

இசோபே: 'முள்ளங்கி நல்லா வெந்திருக்கு'ன்னு சொன்னேன்.

குராமோச்சி: அவ்வளவுதானா?

இசோபே: அவ்வளவுதான். இல்லைன்னு சொல்றதையே பொழப்பா வெச்சிருக்கவன். வாய்க்குள்ள முழு வார்த்தையும் இருந்துச்சு. வரல. எங்கப்பா செத்து பதினாறு வருஷம் தனியா இஸ்திரி போட்டாங்க அவங்க. அவங்க மூஞ்சியப் பாத்து எப்படி வேணாம்னு சொல்ல? முள்ளங்கியத் தின்னேன், போர்வைய எடுத்தேன், வந்துட்டேன்.

குராமோச்சி: வேணாம்னுதான் நெனச்சியா?

இசோபே: ஆமா.

குராமோச்சி: நான்ங்கறதாலயா?

இசோபே: உன்னை எனக்குத் தெரியும்டா. பன்னெண்டு வருஷமா உன் மண்டையில அடிக்கிறேன். காமெடி சொல்லித்தர்ற பள்ளியில ஒரே வருஷம் சேர்ந்தோம்னு பத்து வயசு மூத்தவன டா போடுறேன். நாளைக்கு அந்த வீட்ல எங்கப்பா இடத்துல நீ உக்காந்து 'சாப்டியாப்பா'ன்னு கேட்டா... என்னால தாங்க முடியாது. உன் மேல கோபம்லாம் இல்ல. தாங்க முடியாது, அவ்வளவுதான்.

குராமோச்சி: அப்புறம் நான் அடைக் கடையில சொன்னேன்.

இசோபே: நீ சொன்ன. நான் கரண்டியால அடிச்சேன். பக்கத்து மேசை சிரிச்சுது. அப்பத்தான் தோணுச்சு.

குராமோச்சி: என்ன தோணுச்சு?

இசோபே: நாலு பேரு சிரிச்சதுமே உன் மூஞ்சி சுருங்கிருச்சு. அன்னிக்கு அதுக்கு மேல நீ பேசல. ஒரு மண்டபமே சிரிச்சா... அவங்க தானா விட்டுருவாங்கன்னு தோணுச்சு. நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதே இல்ல. ஜனங்களே சொல்லிருவாங்க.

குராமோச்சி: அதான் இந்த 'அப்பா' நிகழ்ச்சிக்கு மட்டும் உன் வசனத்த நீயே எழுதின. எப்பவும் ரெண்டையும் நான்தான் எழுதுவேன். 'என் பக்கத்த நான் பாத்துக்கறேன்'ன. ஒரே ராத்திரியில எழுதிட்டு வந்த. படிச்சப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சுடா. அவ்வளவு நல்லா இருந்துச்சு.

இசோபே: ஜெயிக்கும்னு நான் நெனைக்கல. சத்தியமா. ரெண்டு மூணு ஊர்ல போட்டா போதும்னுதான் இருந்தேன். அது பாட்டுக்கு அரையிறுதி வரைக்கும் இழுத்துட்டு வந்துருச்சு.

குராமோச்சி: ம்.

இசோபே: அடிக்கணும்னா அடி.

குராமோச்சி: எனக்கு அடிக்கத் தெரியாது. நான் போக்கே.

இசோபே: ஏதாவது சொல்லுடா. அமைதியா இருந்தா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல.

குராமோச்சி: சைக்கிள்கிட்ட இருந்த பொண்ணுங்க உள்ள போயிட்டாங்க. அடுத்தது நாம.

இசோபே: பெங்குவினே போடலாம்.

குராமோச்சி: தோத்துருவோம்.

இசோபே: தோக்கட்டும். முடிஞ்சதும் நேரா கிஷிவாதா போறேன். அம்மாகிட்ட பேசறேன். 'ஜனங்க சிரிச்சத மனசுல வெச்சுக்காதீங்க, அவங்களுக்கு என்ன தெரியும், காசு குடுத்தாங்க, சிரிச்சுட்டுப் போனாங்க'ன்னு சொல்றேன். நீயும் அந்தப் பையை எடுத்துக்கிட்டு வா. ஊரு சிரிச்சதுக்கெல்லாம் பயப்படுற ஆளா அவங்க?

குராமோச்சி: ஊரு சிரிச்சதுக்கு அவங்க பயப்படல.

இசோபே: பின்ன எதுக்கு?

குராமோச்சி: ஏப்ரல்ல நீ முள்ளங்கி தின்னுட்டுப் போனத அவங்க முந்தாநாளே, வாசல்ல குனியறதுக்கு முன்னாடி, எனக்குச் சொல்லிட்டாங்க. நீயாச் சொல்றியான்னுதான் இவ்வளவு நேரம் பாத்தேன்.

இசோபே: ...அப்ப செருப்பை ஏன் திருப்பிக் குடுத்தாங்க?

குராமோச்சி: 'அன்னிக்கு வீட்லயே வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பேன். பெத்த பிள்ளை என்ன நெனைக்கிறான்னு தெரிஞ்சுக்க நான் சீட்டு வாங்கிப் போய் நாலாவது வரிசையில உக்கார வேண்டியதாப் போச்சு'ன்னாங்க.